ரொட்டியால் துடைத்த பாஞ்சோ

போன மாதம் நான் வேலை பார்த்த வாத்தியக் கடைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் நாகர்கோவிலுக்கு வந்தால் கால் தானாக அந்தத் தெருவுக்குத் திரும்பிவிடுகிறது. இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டீபன் ஒரு பாஞ்சோவை மேஜையில் கிடத்தி, அதன் முகத்தில் பிளாஸ்டிக் தாள் பொருத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, இனி தோலுக்க தொல்லையே கிடையாது. மழையானாலும் வெயிலானாலும் ஒரே மாதிரி நிக்கும். நீங்கல்லாம் அந்தத் தோலை வச்சு எப்படித்தான் மாரடிச்சியளோ!" என்றான்.

நல்ல காரியம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். முப்பத்தெட்டு வருடம் தோலோடு மல்லுக்கட்டியவன் நான். அது போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "அந்தக் காலத்து வேலையைக் கொஞ்சம் எழுதித் தாங்க, நாங்க வச்சுக்கிடுதோம்" என்று அவன் கேட்டதால் எழுத உட்கார்ந்தேன். தோலை எப்படிக் கட்டுவது என்பதை எழுதச் சொன்னான். ஆனால் பேனாவை எடுத்ததும் ஒரு தோலை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதுதான் முன்னே வந்து நிற்கிறது.

கட்டைகளை அமுக்கி வாசிக்கும் புல்புல்தாராவையும் நம் ஊரில் பாஞ்சோ என்பார்கள். நான் சொல்வது அதுவல்ல. சல்லடை மாதிரி வட்டமான மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய கன்றுத்தோல், நீண்ட கழுத்து, நான்கு கம்பி. கம்பிகளைத் தாங்கும் சின்ன மரக்குதிரை தோலின்மேல் சும்மா நிற்கும். பாதி மேளம், பாதி வீணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாத்தியக்காரன் அல்ல. சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்பதில், எனக்கு இருபத்திரண்டு வயதாக இருக்கும்போது, பக்கத்து ஆர்மோனியப் பட்டறைக்கு மாறினேன். அந்தக் கடை முதலாளி பர்மா யுத்தத்திலிருந்து திரும்பிய ஒருவருடைய பாஞ்சோவைக் கையில் வைத்து முழித்துக்கொண்டிருந்தார். சட்டத்தைச் சுற்றி இருபத்துநான்கு கொக்கித் திருகுகள். ஒன்றை முறுக்கினால் இன்னொன்று தளரும். "இது சைக்கிள் சக்கரம் மாதிரில்லா இருக்கு" என்று சொல்லி, எதிரும் புதிருமாக, ஒவ்வொன்றையும் கால் திருப்பு மட்டும் முறுக்கிக் காட்டினேன். தோல் சமமாக இழுபட்டது. மறுவாரமே அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த இரண்டு வருடத்தில் ரீடு சுரண்ட, துருத்தி ஒட்ட, தந்தி மாற்ற எல்லாம் படிந்தது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஐம்பத்தொன்றில் முதலாளி காய்ச்சலில் போய்விட்டார். கடையை மூடிவிடுவார்கள் என்றே நினைத்தோம். பதினேழாம் நாள், திங்கட்கிழமை, அவர் மனைவி எஸ்தர் அக்கா வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது. கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். முதல் வாரமே ஒரு நாடக செட்டின் ஆர்மோனியக்காரர் வந்து, "ஆம்பிளைய யாரும் இல்லியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அக்கா அவர் பெட்டியில் ஒருமுறை மேலும் கீழுமாக விரலை ஓட்டினாள். "மேல மூணாவது ரீடுல கீறல் விழுந்திருக்கு. இன்னும் நாலு நாளு தாங்கும். விட்டுட்டுப் போறீங்களா, நாலு நாளு கழிச்சு வாறீங்களா?" என்றாள். அவர் விட்டுவிட்டுப் போனார். திறந்து பார்த்தேன். மூன்றாவது ரீடில் முடி மாதிரி ஒரு கீறல்.

அக்காவின் வேலைமுறை தனி. எந்த வாத்தியம் வந்தாலும் ஒரு அட்டையில் எழுதி அதன் கழுத்தில் கட்டுவாள். என்ன பழுது என்று நாம் நினைப்பதை எழுத மாட்டாள். கொண்டுவந்தவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவாள். "தொண்டை கட்டியிருக்கு", "மாப்பிள்ளை கோவிச்ச மாதிரி இருக்கு" என்றெல்லாம் அட்டைகள் தொங்கும். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. "பழுது என்னன்னு நமக்குத் தெரியும். அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத்தானே தெரியும்" என்பாள். குரலை உயர்த்த மாட்டாள். தப்பு செய்தால் திட்டவும் மாட்டாள். அந்த வாத்தியத்தை நம் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

ஐம்பத்துமூன்று ஆவணியில் ஒருநாள் பஸ் பார்சல் எடுக்கப் போய்விட்டுத் திரும்பினேன். மேஜையில் ஒரு பாஞ்சோ. இராஜாக்கமங்கலத்துக்கும் தெற்கே, கடற்கரைக் குடியிலிருந்து ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்ததாக அக்கா சொன்னாள். பெயர் ரெஜினாள். மீன் விற்பவள். அவள் புருஷன் சூசைதாசன் கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்க்கும்போது வாங்கிய வாத்தியம். திரும்பி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த ஆனியில் கடல் கொந்தளித்தபோது கட்டுமரம் கவிழ்ந்து போய்விட்டான். அட்டையில் இப்படி எழுதியிருந்தது: "வாசிக்க வேண்டாம். இருக்கிறது இருக்கிறபடி கெடாமல் இருந்தால் போதும்."

அக்கா அன்றைக்கே மணவாளக்குறிச்சியில் ஒரு கோயில் ஆர்கனைப் பார்க்கக் கிளம்பினாள். மூன்று நாள் வேலை. "நான் வந்த பிறகு பாக்கலாம்" என்று சொன்னாளா, சொல்லவில்லையா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அவள் அப்படித்தான் பிறகு சொன்னாள்.

நான் வேலையில் இறங்கினேன். கடல் காற்றில் கம்பிகள் செம்பட்டையாகத் துருப்பிடித்திருந்தன. கம்பிகளைக் கழற்றுமுன் குதிரையின் இரண்டு கால்களும் தோலில் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்தேன். திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வரிசை மாறாமல் ஆணியடித்த பலகையில் மாட்டினேன். கொக்கிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தேன். பித்தளை வளையத்தைப் புளி போட்டு விளக்கினேன். கழுத்துக் கட்டைக்குச் சொட்டுத் தேங்காய் எண்ணெய், அதையும் துடைத்து எடுத்தாகிவிட்டது. கடைசியில் தோல். அது அழுக்காக இருந்தது. குதிரைக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கம், அரையணா அகலத்துக்கு ஒரு கறுத்த கறை.

கன்றுத்தோலைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் குழைந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு நாள் ஆன ரொட்டியின் நடுச்சதையை எடுத்து, உருட்டி, வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுக்கு ரொட்டியில் ஏறிவிடும். மற்ற இடமெல்லாம் அரைமணியில் வெளுத்தது. அந்தக் கறை மட்டும் போகவில்லை. எண்ணெயும் வியர்வையும் வருடக்கணக்கில் இறங்கி மினுமினுவென்று இருந்தது. விடுவேனா? ஒரு காலை முழுவதும் அதிலேயே உட்கார்ந்தேன். ரொட்டி தீர்ந்ததும் மறுபடி வாங்கி வந்தேன். மத்தியானம் அந்த இடம் இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாகிவிட்டது.

அக்கா திரும்பி வந்ததும் பெருமையாக எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"இஞ்ச ஒரு கறை இருந்துதே?"

"ஆமா அக்கா. போவவே மாட்டேன்னுட்டு. ஒரு காலை முழுக்கப் பாடு."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு விளக்கினாள். பாஞ்சோ வாசிக்கிறவர்கள் சுண்டுவிரலைத் தோலில் ஊன்றிக்கொண்டுதான் மற்ற விரலால் கம்பியைத் தட்டுவார்கள். அது சூசைதாசன் ஊன்றிய இடம். அவன் உடல் கரையேறவில்லை. ஒரு போட்டோ கிடையாது, கல்லறையும் இல்லை. பாஞ்சோவைக் கொடுத்துவிட்டுப் போகும்போது ரெஜினாள் துணியை விலக்கி, அந்தக் கறையில் தன் சுண்டுவிரலை ஒருமுறை வைத்து எடுத்தாளாம். அக்கா பார்த்திருக்கிறாள். அட்டையில் எழுத அதற்கு வார்த்தை இல்லாததால் எழுதவில்லை.

அவ்வளவுதான் சொன்னாள். பாஞ்சோவை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் நான் செய்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து, நல்லெண்ணெயில் விளக்குக்கரியைக் குழைத்து, கொஞ்சம் சாயாத் தண்ணீரும் விட்டு, பென்சில் குறியை வைத்துக் கணக்குப் போட்டு, அதே இடத்தில் என் சுண்டுவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே வந்தது. கூர்ந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேன். குடை எடுக்க அக்கா திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை.

"இது யாருக்க விரலு, ஞானமுத்து?" என்றாள்.

ரொட்டியை எடுத்து நானே அதைத் துடைத்தேன்.

"அந்தப் பிள்ளைகிட்ட நீதான் சொல்லணும். நான் கூட வாறேன்."

இராஜாக்கமங்கலம் பஸ்ஸில் பாஞ்சோவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து மணலில் நடை. தாழைப் புதர் தாண்டி ஓலைக் குடிகள். ரெஜினாளின் மாமியார் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து இருக்கச் சொல்லவில்லை. அரைமணி கழித்து ரெஜினாள் காலி மீன் கடவப்பெட்டியோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். பாஞ்சோவைப் பார்த்ததும் கடவத்தை இறக்கி வைத்துவிட்டு, கையை மணலில் தேய்த்து, முந்தானையில் துடைத்து, வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரருக்க விரல் இருந்த இடத்தை அழுக்குன்னு நெனச்சு நான் தேச்சு எடுத்துட்டேன். தெரியாம செஞ்சேன். பொறவு தெரிஞ்சப்போ, அதே மாதிரி ஒண்ணு உண்டாக்கி உங்களை ஏமாத்தப் பாத்தேன். அக்கா தடுத்தாவ" என்றேன்.

அவள் துணியை அவிழ்த்தாள். தோலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"கழுவினியளா?"

"இல்ல. ரொட்டியால தேச்சேன்."

"ரொட்டியாலயா?" என்று மாமியார் கேட்டாள்.

"எனக்க கடையில நடந்தது. நான் இருந்து பாத்திருக்கணும்" என்று அக்கா சொன்னாள். நான் சின்னப் பையன், நல்ல வேலைக்காரன் என்றெல்லாம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு அன்றைக்குக் கோபப்பட்டேன்.

ரெஜினாள் அழவில்லை. "கடலு உடம்பை எடுத்துட்டு. நீங்க இதை எடுத்துட்டீங்க. போங்க" என்றாள். பாஞ்சோவோடு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அக்கா கடைக்குப் புதிய விதி ஒன்று போட்டாள். அட்டையில் எழுதியதை, வேலை செய்யப்போகிறவன் வாத்தியக்காரர் முன்னால் நின்று உரக்க வாசிக்க வேண்டும். பிறகு, "இதுல எதைத் தொடக்கூடாது?" என்று கேட்க வேண்டும். வருபவர்கள் முதலில் விழிப்பார்கள். ஆனால் அநேகமாக எல்லாரிடமும் ஒன்று இருக்கும். ஒருவர் ஆர்மோனியப் பெட்டி மூலையில் எலி கடித்த இடத்தைக் காட்டி, "இது இருக்கட்டும், எனக்க மவ சின்னதுல கடிச்சது" என்றார். எலி என்றே நான் நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்து நாலைந்து நாள் இருக்கும். ஓலைக்குடைக்கு அடியில் ஒரு பொதியோடு ரெஜினாள் கடை வாசலில் நின்றாள். நான் எழுந்து நின்றேன்.

"நீங்க செஞ்சது சரின்னு சொல்ல வரல்ல" என்றாள் முதல் வார்த்தையாக.

"தெரியும்."

"சத்தம் தொம்மு தொம்முன்னு வருது. என்னண்ணு பாருங்க."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "சத்தமா? யாரு வாசிக்கா?"

அவள் அக்காவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "அந்த அடையாளம் இருந்தது வரைக்கும் கை வைக்கப் பயம், அக்கா. எனக்க கை பட்டு அழிஞ்சிரும்னு துணியோடயே வச்சிருந்தேன். இப்போ அழியறதுக்கு ஒண்ணும் இல்லியே. ஒருநாள் கோவத்துல எடுத்து ஓங்கித் தட்டினேன். பொறவு விட முடியல்ல. அவரு வாசிக்கும்போ பக்கத்துல இருந்து கேட்டதுதான் மூணு வருஷம். எங்க அமுக்கணும்னு விரலு தேடுது, கிட்டல்ல."

"வீட்டுல?"

"மாமிக்குப் பிடிக்கல்ல. தாலி அறுத்தவளுக்கு என்ன பாட்டும் கூத்துமுன்னு கேக்காவ. குடியில உள்ளவங்களும் ஒருமாதிரிதான் பேசுதாவ. நான் மீன் வித்துட்டு வந்து, கதவைச் சாத்திட்டு வாசிக்கேன்."

அக்கா எழுந்து தன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அன்றைக்கு அட்டையை நான் உரக்க வாசித்தேன்: "தொம் தொம்மென்று வருகிறது. கேட்டதை வாசிக்க வேண்டும்." எதைத் தொடக்கூடாது என்று கேட்டேன். அவள் யோசித்து, "ஒண்ணுமில்ல. நல்லா ஆக்கித் தாங்க" என்றாள்.

அவள் கண்ணெதிரே செய்தேன், சொல்லிக்கொண்டே. ஈரக்காற்றில் தோல் தளர்ந்திருந்தது. கட்டைவிரலால் நடுவில் அமுக்கினால் அப்பளம் போலக் குழிந்தது. மழைக்காலத்தில் தோல் தளர்கிறதே என்று முழுக்க முறுக்கினால், தை மாதம் வறண்ட காற்று அடிக்கும்போது தானாகக் கிழிந்துவிடும். எதிரெதிராகக் கால் திருப்பு, பிறகு ஒருநாள் ஆறப்போட்டு இன்னொரு கால் திருப்பு, அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. கனல் தணிந்த சட்டிக்கு ஒரு முழம் மேலே கொஞ்சம் காட்டினால் போதும், ஈரம் போய்விடும். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உப்புக்காற்று ஒரு இரவில் தின்றுவிடும். பெட்டியில் வேப்பிலை போட வேண்டும். மீன் தொட்ட கையோடு தோலைத் தொட்டால் பாச்சை வரும். "கையை எலுமிச்சங்காயால தேச்சிட்டுத்தான் எடுக்கேன்" என்றாள் அவள். குதிரையை எங்கே நிறுத்துவது என்பதற்கும் கணக்கு உண்டு. கம்பியைச் சும்மா தட்டிக் கேட்டு, பிறகு கழுத்தில் பதித்த பன்னிரண்டாம் கட்டையில் அமுக்கித் தட்டினால், அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். கூடினால் குதிரையைப் பின்னுக்கு, குறைந்தால் முன்னுக்கு. இரண்டாவது தடவை அவளே நகர்த்தினாள். சரியாக நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை வருவாள். சந்தையில் மீன் முடிந்ததும் வந்து அக்காவிடம் அரைமணி உட்காருவாள். அக்கா ஆர்மோனியத்தில் சுரம் பிடிப்பாள். ரெஜினாள் கம்பியில் தேடுவாள். என்னோடு வேலை விஷயம் தவிர அவள் பேசியதில்லை. ஐம்பத்தைந்தில் பழைய தோல் விளிம்பில் விட்டுப்போயிற்று. மாற்றத்தான் வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "மாத்துங்க, அதுக்கென்ன" என்று சாதாரணமாகச் சொன்னாள். பழைய தோலை மட்டும் சுருட்டிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

நம் ஜில்லா மெட்ராஸோடு சேர்ந்த ஐம்பத்தாறின் கடைசியில்தான் நான் சொல்ல நினைத்த கடைசி விஷயம் நடந்தது. கண்ணாஸ்பத்திரிக்கு மாமியாரைக் கூட்டி வந்திருந்த ரெஜினாள், வழியில் கடைக்கும் வந்தாள். கிழவிக்கு அதற்குள் பார்வை ரொம்ப மங்கிவிட்டது. வாசல் பெஞ்சில், எங்களுக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மூன்று வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்துக்கொண்டிருந்தவள்.

சாயங்கால ஜெபம் முடிந்து சூசைதாசன் தினமும் வாசிப்பானாம், மாதாவுக்கு ஒரு மெட்டு. கொழும்பில் யாரிடமோ பழகியது. அதை முழுதாகப் பிடித்துவிட்டதாகச் சொல்லி ரெஜினாள் வாசித்துக் காட்டினாள். நன்றாகவே வந்தது. ஆனால் இறங்கி வரும் இடத்தில் ஒரு சுரம் தவறி விழுந்தது. எனக்கே பல் கூசியது. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஒரு ரீடில் மயிரிழை பிசகினாலும் சாப்பாடு இறங்காதவள். விரலை உயர்த்தி நிறுத்தினாள்.

"அந்த எடம் தப்பு, மோளே. இப்படி வரணும்" என்று ஆர்மோனியத்தில் சரியான சுரத்தை அழுத்திக் காட்டினாள்.

ரெஜினாள் வாயைத் திறக்குமுன் வாசலில் இருந்து சத்தம் வந்தது.

"அது தப்பில்ல."

கிழவி திரும்பி உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்க்க அவளுக்குக் கண் தெரியாது. சத்தம் வந்த திசையைப் பார்த்தாள்.

"எனக்க மவன் அந்த எடத்துல அப்படித்தான் வாசிப்பான். தினமும் அப்படித்தான். திருத்தாதீங்கம்மா."

ரெஜினாள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெட்டை முதலிலிருந்து எடுத்தாள். அக்கா துருத்தியை இழுத்து அவளோடு சேர்ந்து வாசித்தாள். இறங்கும் இடம் வந்தபோது நான் அக்காவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியான கட்டையைத் தாண்டி, பக்கத்துக் கட்டையில் போய் நின்றது.